பாதி வழி

முறுக்கை ஒரு கடி கடித்துவிட்டு மீதியைத் தட்டில் போட்டால்கூடத் திட்டுகிற ஒருத்தியை எனக்குத் தெரியும். "எடுத்தேல்ல, தின்னு முடி" என்பாள். ஊசியில் நூல் கோத்துவிட்டுத் தைக்காமல் எழுந்தால் திட்டு. கோலத்தில் ஒரு புள்ளியைச் சுற்றாமல் விட்டால் திட்டு. சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனால் அதற்கும் திட்டுதான். "இம்புட்டு நேரம் கத்துனேல்ல, மிச்சத்தையும் கத்திட்டுப் போ. இல்லன்னா வயித்துல தங்கிரும்." தெருவில் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அவள் வாசல் வந்ததும் குரலைத் தாழ்த்திக் கடந்து போவார்கள்.

அத்தை என்றுதான் கூப்பிட்டேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. எண்பதுகளின் நடுவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இராஜபாளையத்துக்கு வந்தபோது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பின்கட்டை வாடகைக்குக் கொடுத்தவள் அவள். முன்கட்டில் அவர்கள் இருந்தார்கள். தெருவைப் பார்த்த அறையில் மாமாவின் சோடாக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு மிஷின், ஒரு காஸ் சிலிண்டர், அடுக்கடுக்காகக் கோலிப் பாட்டில், மஞ்சளும் சிவப்புமாகக் கலர் எசன்ஸ். அவளைத் தெருவே சோடாக்கம்பெனி அம்மா என்றது. ஒரே மகன் சிவகாசியில் அச்சாபீஸில் வேலை பார்த்தான். குடும்பத்தோடு அங்கேயே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவான்.

மாமாவைப் பற்றிச் சொல்லாமல் அத்தையைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் நல்ல மனுஷர். யாரிடமும் ஏட்டிக்குப் போட்டி பேசமாட்டார். ஆனால் வீட்டை விட்டு வெளியே போனால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கதவைப் பூட்டுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போவார், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். சிலிண்டரைத் திருகினோமா, குழாயை மூடினோமா, பின்வாசல் தாழ்ப்பாள் போட்டோமா என்று அவர் மனசு வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். உடம்பு மட்டும் எத்தனை தூரம்தான் போகும்? பாதி வழியில் நின்றுவிடும். "ஏட்டி, ஊருக்குப் போயிருவோம்" என்பார். அவ்வளவுதான்.

கல்யாணம் ஆன புதிதில் இராமேஸ்வரம் புறப்பட்டு மானாமதுரையில் இறங்கித் திரும்பியிருக்கிறார்கள். குற்றாலம் கிளம்பித் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற அய்யனார் கோவில் அருவிக்கு எங்களோடு ஒரு தடவை வந்தார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கத் தொடங்கிய இடத்தில் மாமா வானத்தைப் பார்த்தார். "மழை வர மாதிரி இருக்கு, மாடியில மொளகா காயுது" என்றார். அத்தை அவரோடு திரும்பி நடந்தாள். நாங்கள் குளித்துவிட்டு வந்தோம். மழையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

சினிமாவுக்குப் போனாலும் இதே கதைதான். கடைசியில் கூட்டத்தில் சைக்கிள் எடுக்க முடியாது என்று படம் முடியுமுன்னே கிளப்பிவிடுவார். அத்தை மறுநாள் தனியாகப் போவாள். முழு டிக்கெட் எடுத்து, இடைவேளைக்கு அப்புறம் உள்ளே நுழைந்து, விட்ட இடத்திலிருந்து பார்த்து முடித்துவிட்டு வருவாள். "அவ செத்தாளா பொழைச்சாளான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காதுட்டி." டிக்கெட் கிழிக்கிறவருக்கு அவளைத் தெரியும். "என்னம்மா, மிச்சம் பாக்க வந்தீகளா?" என்று கேட்டுத்தான் விடுவாராம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அவள் பிறந்த ஊர். ஆடிப்பூரத் தேர் அப்போதெல்லாம் ஒரே நாளில் நிலைக்கு வராது. ஒரு வீதி திரும்புவதற்குள் பொழுது போய்விடும், சக்கரம் புதையும், வடம் அறும், ஜனம் கலைந்துவிடும். இவள் வடத்தில் கை வைத்தால் தேர் நிலைக்கு வருகிற வரை ஊர் திரும்ப மாட்டாள். மாமா முதல் நாள் மத்தியானமே சோடாக் கம்பெனிக்குத் திரும்பிவிடுவார். அவள் தன் தங்கை வீட்டில் தங்கி, தினம் போய் வடம் பிடித்து, தேர் நின்றதும் உள்ளங்கைத் தோல் உரிந்துபோய் வருவாள். "தேரை இழுத்துத் தெருவுல விடக் கூடாதுட்டி. இழுக்காமலே இருந்தாக்கூடத் தப்பில்ல." இது எல்லோரும் சொல்கிற சொல்தான். அவள் வாயில் கேட்டால் பயமாக இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு ஆசை இருந்தது. பத்ரிநாத் போக வேண்டும்.

சாமி கும்பிடுவதற்கு என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது பத்ரி போய்வந்த பெரியப்பா ஒருவர் சொன்னாராம்: கோவிலுக்குக் கீழே ஆறு ஐஸாக ஓடுது, அதுக்குக் கொஞ்சம் மேலே, அடுப்பும் இல்லாம விறகும் இல்லாம வெந்நி கொதிச்சு ஊறுது. பெரியப்பா புளுகுகிறார் என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இவளுக்குப் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். அந்தப் பாதிதான் அவளைப் படுத்தி எடுத்தது. "ஒரு கைய ஆத்துல வைக்கணும், ஒரு கைய வெந்நில வைக்கணும். பொறவு எங்க பெரியப்பா புளுகலன்னு சொல்லணும்" என்பாள். யாரிடம் சொல்வாள் என்று தெரியவில்லை, சிரித்தவர்கள் எல்லோரும் செத்துப் போயிருந்தார்கள். இட்லிக்கு மாவு ஆட்டும்போது சொல்வாள், பாட்டில் கழுவும்போது சொல்வாள். தெருப்பெண்கள் குளிக்க வெந்நீர் போட்டால், "பத்ரியில ஊறுது, போயி மோந்துட்டு வா" என்று கேலி பேசுகிற அளவுக்கு ஊறிப்போன ஆசை அது.

மாமாவிடம் கேட்டால், "போவோம், போவோம்" என்பார். மானாமதுரை தாண்டாத மனுஷர் இமயமலைக்கு எங்கே போவது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அத்தைக்கு அறுபது தாண்டியபின், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருவர் யாத்திரை பஸ் விட்டார். சமையல்காரர், அண்டா குண்டா, அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி எல்லாம் பஸ்ஸிலேயே வரும். காசி, கயா பார்த்துவிட்டு ஹரித்வார் வழியாகப் பத்ரி. அத்தை மாமாவைக் கேட்கவே இல்லை, இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

"ரயில்ல போறதுதான வசதி?" என்று நான் கேட்டேன்.

"ரயிலுன்னா அடுத்த டேசன்ல எறங்கிருவாக. இந்த பஸ்ஸுல எறங்குனா திரும்பிவர வழி தெரியாது. அதான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கிளம்புகிற அன்று மாமா பூட்டை இழுத்துக்கொண்டே இருந்தார். பஸ் ஹாரன் அடித்தது. கடைசியில் சாவியை என் கையில் கொடுத்து, "தெனம் ஒருக்கா இழுத்துப் பாத்துரு தாயி" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அத்தை ஜன்னலோரம் அவருக்கு இடம் போட்டு உட்கார வைத்தாள். எதுவென்றாலும் எக்ஸ்சேஞ்சுக்கு போன் போடச் சொல்லி நம்பர் எழுதிக் கொடுத்தேன். மகனும் சிவகாசியிலிருந்து வந்திருந்தான். "அப்பா மதுரையிலயே எறங்கி வந்துராம பாத்துக்கோம்மா" என்றான். தெருவே சிரித்தது.

மதுரையில் இறங்கவில்லை. காசியிலும் இறங்கவில்லை. எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் காலை ட்யூட்டியில் எனக்கு போன் வந்தது. இரைச்சலும் கரகரப்புமாக ஒரே கிணற்றுச் சத்தம். அதற்குள்ளிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"ஏட்டி, நாந்தான். ஹரித்வார்ல இருக்கோம். நாளைக்கு வண்டி மலை ஏறுது."

"மாமா எப்படி இருக்காக அத்தை?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"பூட்ட இழுத்துப் பாத்தியா?" என்றாள்.

"காலையிலதான் இழுத்தேன். நல்லா இருக்கு."

"தெனம் இழு. மலையேறி எறங்கி வந்துருதோம். அவன்ட்டச் சொல்லிரு."

வைத்துவிட்டாள். மாமா பக்கத்தில் நின்று பூட்டைக் கேள், பூட்டைக் கேள் என்று அவளை இடித்துக்கொண்டிருப்பதாக நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிவகாசி அச்சாபீஸுக்கு போன் போட்டு மகனிடம் சொன்னேன்: "ரெண்டு பேரும் நல்லா இருக்காக. மாமா இமயமலை அடிவாரத்துலயும் பூட்டைத்தான் நெனைக்காக." அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

யாத்திரை போய்விட்டு வருகிறவர்களை எங்கள் தெருவில் சும்மா வீட்டுக்குள் விடுவதில்லை. முனையிலேயே நிறுத்தி, காலைக் கழுவி, மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, மேளத்தோடு கூட்டி வரவேண்டும். தம்பதியாகப் போய் வந்தவர்கள் காலில் விழுந்தால் போன புண்ணியத்தில் பங்கு உண்டு என்பது நம்பிக்கை. பஸ் வருகிற நாள் தெரியும். மகன் பெண்டாட்டி பிள்ளையோடு முந்தின நாளே வந்துவிட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொல்லி வைத்து இரண்டு ரோஜா மாலை வாங்கி வந்தான். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் டீ குடித்துவிட்டுத் தயாராக இருந்தார்கள். ஆரத்தித் தட்டு என் கையில்.

முற்பகலில் பஸ் வந்தது. ஆட்கள் பெரும்பாலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கியிருந்தார்கள். முதலில் மம்சாபுரத்துக்காரர் ஒருவர், அதே யாத்திரையில் போனவர், மொட்டைத் தலையோடு இறங்கினார். "வார வழியில திருப்பதியும் பாத்துட்டாக போல" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். மேளம் தொடங்கியது. அந்த மனுஷர் ஆரத்தித் தட்டைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், வாயைத் திறந்தபடி படியிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் இறங்க வந்த, பஸ் விட்ட யாத்திரைக்காரரும் நின்றுவிட்டார். இரண்டு பேரும் திரும்பி பஸ்ஸுக்குள் பார்த்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அத்தை இறங்கினாள்.

நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை.

மகன் ஒரு மாலையை ஏற்கனவே விரித்துப் பிடித்திருந்தான். இன்னொன்று அவன் பெண்டாட்டி கையில் இருந்தது. தவில்காரர் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டார். "அப்பா எங்க?" என்று மகன் கேட்டான். பஸ்ஸின் படியைப் பார்த்துத்தான் கேட்டான், அத்தையைப் பார்த்து இல்லை.

"ஹரித்வார்லயே போயிட்டாகடா" என்றாள் அத்தை.

என் கையிலிருந்த ஆரத்தி என் சேலையெல்லாம் கொட்டியது. அவளை விட்டுவிட்டு என்னை எல்லோரும் பார்த்தார்கள். யாத்திரைக்காரர் என்னிடம் வந்து, "நீங்கதான எக்ஸ்சேஞ்சு? உங்ககிட்டச் சொல்லியாச்சுன்னு அம்மா சொன்னாங்களே, நாங்க எல்லாரும் நின்னுக்கிட்டிருந்தமே" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவள் பூத்துக்குள் போனதையும் பேசியதையும் வெளியே வந்து கண்ணைத் துடைத்ததையும் அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். பஸ் முழுக்க, ஊருக்குத் தகவல் போய்விட்டது என்று நம்பிக்கொண்டு வந்திருக்கிறது. ஒப்பாரி கேட்கும் என்று இறங்கினால் நாதஸ்வரம் வாசிக்கிறோம்.

மற்றதையெல்லாம் மம்சாபுரத்துக்காரர் சொன்னார். கங்கையில் குளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்த மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அத்தை மேல் சாய்ந்திருக்கிறார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊருக்குக் கொண்டுவருகிற தூரமா அது? அங்கேயே எரித்திருக்கிறார்கள். மகன் ஸ்தானத்தில் நின்று கொள்ளி வைத்தது இவர். மறுநாள் பஸ்ஸைத் திருப்பச் சொல்லியிருந்தால் திருப்பியிருப்போம், அல்லது அம்மாவை ரயிலேற்றி இன்னொரு ஆளோடு அனுப்பியிருப்போம் என்றார். அத்தை, வேண்டாம், மலைக்குப் போகணும் என்று சொல்லிவிட்டாள். அஸ்தியில் ஒரு பங்கைச் சின்னக் கலயத்தில் வாங்கி, மஞ்சத்துணியில் கட்டி, ஜன்னலோரத்தில் மாமா உட்கார்ந்து வந்த அதே இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள். வேறு யாரையும் அங்கே உட்கார விடவில்லை. பத்ரியில் பிண்டம் போட்டுவிட்டு அங்கே ஆற்றில் கரைத்துவிட்டாள்.

மகன் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு தந்தி குடுத்திருக்கலாம்ல? பெத்த பிள்ள நான் இங்க சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேனேம்மா."

அத்தை அவன் தலையைத் தொடப் போனாள், அவன் தட்டிவிட்டான். அவள் சொன்ன பதிலை அன்று நின்ற ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

"தந்தி குடுத்தா நீ என்ன சொல்லுவ? உடனே கெளம்பி வான்னுவ. வந்துதான ஆகணும்?" என்றாள். "வாசல் வரைக்கும் போயிட்டேன்டா. தேரை இழுத்துத் தெருவுல விடச் சொல்லுதியா?"

பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தாள்.

மாலைகளைச் சோடாக் கம்பெனியின் மூடிய கதவில் சாய்த்து வைத்தார்கள், பிறகு யாரும் தொடவில்லை. மகன் தன் கையால் செய்ய வேண்டிய கருமாதியைச் செய்தான், மொட்டை போட்டான், அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் சிவகாசிக்குப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. அத்தை வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக் குழம்பு வைப்பாள், பொழுது சாயும்போது எங்களுக்குக் கொடுத்துவிடுவாள். "கெடந்து கெட்டுப்போகும், தின்னு முடிங்க."

தெரு அவளைச் சும்மா விடுமா? கல்நெஞ்சக்காரி என்றார்கள். புருஷனைக் கொண்டுபோய் மலையில் விட்டுவிட்டு வந்தவள் என்றார்கள். வீட்டுக்கு ஒன்று என்று வாங்கி வந்திருந்த கங்கைத் தீர்த்தச் செம்புகளை ஒருத்தியும் வாங்கவில்லை, தீட்டாம். அத்தனை செம்பும் ஈயம் பூசி அடைத்த வாயோடு அவள் சமையலறைப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான் மட்டும் யோக்கியமா? வாடகையை நேரில் கொடுக்காமல் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். பூட்டை இழுத்துப் பாத்தியா என்று அவள் கேட்டதை நினைத்தால் உடம்பு கூசும். எரித்துவிட்டு வந்து எப்படி அதைக் கேட்டாள்?

ஆனால் ஒரே கொல்லையில் துணி காயப்போடுகிறவர்கள் எத்தனை நாள் முகத்தைத் திருப்ப முடியும்? ஒரு நாள் நானாகக் கேட்டேன். "பாத்தீகளா அத்தை, அந்த வெந்நிய?"

பிழிந்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "சுட்டுச்சுட்டி" என்றாள். "நெசமாத்தான் சுட்டுச்சு. கீழ ஆத்துல வச்ச கை மரத்துக் கட்டையாப் போச்சு. மேல வந்து வெந்நில வச்சா வெரலு ஒவ்வொண்ணா உசுரு வருது. ஆவி பறக்குது. எங்க பெரியப்பா ஒரு சொல்லு கூட்டிச் சொல்லல." அவள் முகத்தில் இருந்ததை நான் எப்படிச் சொல்வது? சந்தோஷம்தான். கலப்படமில்லாத சந்தோஷம். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஒரு வருஷம்போல இப்படியே போனது. அப்புறம் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையில் மம்சாபுரத்துக்காரரைப் பார்த்த ஒருத்தி மறுபடியும் துருவியிருக்கிறாள். "கடைசியில ரெண்டு பேரும் என்னமோ பேசிக்கிட்டாக, நான் செத்த தள்ளி நின்னேன், காதுல விழல" என்று அவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் சொன்னது. இராஜபாளையம் வந்து சேருவதற்குள் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டது. மாமாதான் அவள் கையைப் பிடித்து, நீ போய்ப் பார்த்துட்டு வா, என்னால ஒன் ஆசை நின்னுபோகக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். ஆயுசு முழுக்க அவளைப் பாதி வழியில் திருப்பினவர் கடைசியில் மனசு மாறிவிட்டாராம். கேட்டவர்கள் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? புருஷன் சொல்லைக் காப்பாற்றப் போனவள் என்று ஆகிவிட்டதே.

பேச்சு சிவகாசிக்கும் போனது. தீபாவளிக்கு மகன் குடும்பத்தோடு வந்து இறங்கினான். வாசலிலேயே அம்மா காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அத்தை ஒன்றும் கேட்கவில்லை, அவனைத் தூக்கி உட்கார வைத்து இலை போட்டாள். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. சமையலறைப் பலகையிலிருந்து செம்புகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பெரியவர்களுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிற வீடுகளிலிருந்து முதலில் வந்தார்கள், பிறகு எல்லோரும் வந்தார்கள். அவள் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கிறது. சொல்லிக்கொள்ளப் போனேன். காப்பி போட்டுக் கொடுத்தாள், எதிரே உட்கார்ந்தாள். இத்தனை நாள் கேட்காததைப் போகிற நேரத்தில் கேட்டு, அந்த நல்ல வார்த்தையை அவள் வாயாலேயே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று எனக்கு ஆசை.

"கடைசியில மாமாதான் ஒங்களப் போகச் சொன்னாகளாம்ல அத்தை?"

"எங்க?"

"மலைக்கு. நீ போயிப் பாத்துட்டு வான்னு."

"ஆரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுதாக. ஒங்க மகனும் அதக் கேட்டுத்தான..." என்றவள் நிறுத்திக்கொண்டேன்.

அத்தை என்னையே பார்த்தாள். பலகையில் மிச்சமிருந்த இரண்டு செம்பைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்குத்தான் வந்தானா?"

நான் காப்பி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தேன்.

"மன்னிச்சுட்டான்னுல்ல நெனச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "அவிய அப்படிச் சொல்லலட்டி. ஊருக்குப் போயிருவோம்னுதான் சொன்னாக. கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாக. கல்யாணமான நாள்ல இருந்து அதத்தான சொன்னாக? சரி, போயிருவோம்னேன். அதக் கேட்டுட்டுத்தான் கண்ண மூடுனாக."

"சரின்னு சொன்னீகளா?"

"சொன்னேன். சொல்லிட்டு மலைக்குப் போனேன்."

தெருவில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வருவான்" என்றாள். "சொல்லிரணும்."

"வேண்டாம் அத்தை. யாருக்கும் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன். மறுபடியும் போயிட்டான்னா வரவே மாட்டான், பேரப்பிள்ளைகளையும் காட்ட மாட்டான். விட்டுருங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். என் முன்னால் இருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"காப்பி ஆறுது. பாதியில வச்சுட்டுப் போவாத" என்றாள்.